ரேஞ்ச்ஃபைண்டர் கமராவுக்கு முகப்பட லென்ஸ்: வன்னியில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வன்னியில் ஒருவரின் முகத்தைப் படமெடுக்கப் போகிறவர் ஒரு விடயத்தைத் தெரிந்துகொண்டுதான் கமராவைத் தூக்க வேண்டும். இங்கே பல வீடுகளில் பழைய படங்கள் இல்லை. 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வுகளில் ஊர் ஊராக ஓடியவர்கள் கலியாண அல்பத்தையும் பிள்ளைகளின் படங்களையும் ஏதோ ஒரு பதுங்குகுழியிலோ தறப்பாள் கொட்டிலிலோ விட்டுவிட்டு வந்தார்கள். ஆகவே நீங்கள் எடுத்துக் கொடுக்கும் ஒரு படம் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்படும். பல வருடங்கள் அங்கேயே இருக்கும். அந்தப் படத்தில் கண் தெளிவாக இருக்க வேண்டும். முகம் அவருடைய முகமாகவே இருக்க வேண்டும்.

லென்ஸ் பற்றி நான் கீழே சொல்லும் எல்லாம் இந்தத் தேவையிலிருந்து வருபவை. பின்னணி எவ்வளவு கரைகிறது என்று பார்த்து லென்ஸ் வாங்குவோர் பலர். உங்கள் கமராவில் கண்ணைத் தவறாமல் பிடிக்கக்கூடிய லென்ஸ் எது என்று பாருங்கள் என்பேன் நான். கையில் 35 அல்லது 50 மில்லிமீற்றர் லென்ஸுடன் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கிறது, அடுத்ததாக 75 முதல் 105 வரையான ஒன்று வேண்டும் என்று நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி: எவ்வளவு தூரத்தில் இருந்து எடுப்பீர்கள்?

முகத்தின் வடிவத்தை மாற்றுவது தூரம். கிட்டப் போனால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கும். தள்ளி நின்றால் முகம் இயல்புக்கு வரும். லென்ஸ் செய்வதெல்லாம், அந்தத் தூரத்தில் நின்றுகொண்டே சட்டகத்தை முகத்தால் நிரப்ப உதவுவதுதான்.

கமராவை நிமிர்த்திப் பிடித்து, தலையிலிருந்து நெஞ்சு வரை, அதாவது ஏறத்தாழ 38 சென்ரிமீற்றர் அகலமும் 56 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட பகுதியை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மில்லிமீற்றர் லென்ஸுடன் நீங்கள் 83 சென்ரிமீற்றர் வரை நெருங்க வேண்டும். 75 என்றால் ஒன்றேகால் மீற்றர். 90 என்றால் ஒன்றரை மீற்றர். 135 என்றால் இரண்டேகால் மீற்றர்.

எண்பத்து மூன்று சென்ரிமீற்றர் என்பது எதிரே இருப்பவரின் மூச்சு கேட்கும் தூரம். முன்பின் தெரியாத ஒரு முதியவரிடம் அவ்வளவு கிட்டப் போய்க் கமராவை நீட்டினால் அவர் தோள்கள் இறுகிவிடும். ஒன்றரை மீற்றர் என்பது விறாந்தையில் இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டு இருந்து கதைக்கும் தூரம். தேத்தண்ணி குடித்தபடி, கதையை நிறுத்தாமலே எடுக்கலாம். 90 மில்லிமீற்றரை நான் விரும்புவது இதற்காகத்தான். மீள்குடியேற்ற வீடுகளின் சின்ன அறைகளுக்குள்ளேயே பெரும்பாலும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் 75 வாங்குங்கள். முதுகு சுவரில் முட்டாது. 85 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 135 முதல் லென்ஸாக வேண்டாம். ரேஞ்ச்ஃபைண்டரில் அதன் சட்டகம் நகத்தளவு தெரியும். ஃபோகஸ் செய்வதும் கடினம்.

இரண்டாம் படி: உங்கள் கமராவால் எது முடியும்?

லென்ஸைப் பார்ப்பதற்கு முன் கமராவைக் கணக்கிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பெருந்தொகை கொடுத்து வாங்கிவிட்டு, எல்லாப் படத்திலும் காது கூர்மையாக, கண் மங்கலாக வருகிறது என்று வருந்துகிறார்கள்.

ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் லென்ஸின் ஊடாகப் பார்ப்பதில்லை. முன்பக்கத்தில் இரண்டு சாளரங்கள் இருக்கின்றன. இரண்டிலிருந்தும் வரும் பிம்பங்கள் நடுவிலுள்ள சின்னக் கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்போது ஃபோகஸ் சரி. அந்தச் சாளரங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவு துல்லியம். அந்த இடைவெளியை வியூஃபைண்டரின், அதாவது நாம் கண்வைத்துப் பார்க்கும் சாளரத்தின், உருப்பெருக்கத்தால் பெருக்கினால் கமராவின் உண்மையான அளவிடும் திறன் மில்லிமீற்றரில் கிடைக்கும்.

1954இல் வந்த லைக்கா எம்3இல் இடைவெளி 68.5, உருப்பெருக்கம் 0.91, பெருக்கினால் ஏறத்தாழ 62. லைக்கா எம்6இன் வழமையான 0.72 வியூஃபைண்டரில் 50. 1961இல் வந்த கெனன் 7இல் 47. சோவியத் சோர்க்கி-4இல் 38. வொய்க்லாண்டர் பெஸ்ஸா ஆர் கமராவில் 25. 1973இல் வந்த சின்ன லைக்கா சிஎல்லில் 19 மட்டுமே.

இனி லென்ஸ் கேட்கும் திறன். லென்ஸின் குவியத்தூரத்தை (50, 90 என்று மில்லிமீற்றரில் சொல்லும் எண்) அதே எண்ணால் பெருக்குங்கள். அதை முழுத் துவாரத்தின் எஃப் எண்ணால் (எண் சிறிதானால் துவாரம் பெரிது) வகுத்து, பிறகு 100ஆல் வகுங்கள். மனிதக் கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணத்தையும், பிலிமில் நாம் பொறுத்துக்கொள்ளும் 0.03 மில்லிமீற்றர் மங்கலையும் வைத்து வரும் கணக்கு இது. 90 மில்லிமீற்றர் எஃப்/2 லென்ஸுக்கு 8100ஐ 2ஆல் வகுத்தால் 4050. அதை 100ஆல் வகுத்தால் 40.5. எம்6 இதைத் தாங்கும், பெஸ்ஸா ஆர் தாங்காது. 90 எஃப்/2.8 கேட்பது 29. 90 எஃப்/4 கேட்பது 20. 75 எஃப்/2.5 கேட்பது 22.5, பெஸ்ஸா அதைத் தாங்கும். அண்மைய வருடங்களில் வந்திருக்கும் 90 எஃப்/1.25 கேட்பது 65. எம்3இன் 62கூட அதற்குப் போதாது. முழுத் துவாரத்தில் அதை வைத்துக் கண்ணைப் பிடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் வேலை.

இதில் வரும் எண் குறைந்தபட்சம் மட்டுமே. பழைய கமராவின் கட்டம் மங்கியிருக்கும், நம் கண்ணும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. கமராவின் எண் லென்ஸ் கேட்பதைவிட நான்கில் ஒரு பங்காவது கூடுதலாக இருந்தால் நிம்மதியாக எடுக்கலாம். லைக்கா எம் வரிசையில் கண்பக்கம் பூட்டும் 1.25 மடங்கு உருப்பெருக்கி ஒன்று கிடைக்கிறது. எம்6இல் பூட்டினால் 50 என்பது 62 ஆகும். 90க்கு அது நல்ல துணை.

மூன்றாம் படி: எஃப்/2 உண்மையில் தேவையா?

வன்னி வெளிச்சத்தை எண்ணிப் பாருங்கள். நாம் வட அகலாங்கு 9 பாகையை அண்டி இருக்கிறோம். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். 400 வேகப் பிலிமுடன் திறந்த வெயிலில் எஃப்/16இல் 1/500 நொடி. வேம்பின் நிழலுக்குள் ஆளை இருத்தினாலும் வெளிச்சம் மூன்று படிகள்தான் (ஒவ்வொரு படிக்கும் பாதியாக) குறையும், எஃப்/5.6இல் 1/500 கிடைக்கும். அதே நிழலில் எஃப்/2இல் எடுக்க 1/4000 வேகம் வேண்டும். எம்3, எம்6 இரண்டிலும் உச்ச வேகம் 1/1000. காசு கொடுத்து வாங்கிய எஃப்/2ஐப் பகலில் திறக்கவே முடியாது.

ஃபோகஸ் ஆழமும் அப்படித்தான். ஒன்றரை மீற்றரில் 90 எஃப்/2 முழுத் திறப்பில் கூர்மையாக வரும் ஆழம் மொத்தமாக 3 சென்ரிமீற்றர். ஒரு கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால், முகம் சற்றுத் திரும்பியிருந்தாலே மற்றக் கண் கரைந்துவிடும். எஃப்/4இல் அது 6 சென்ரிமீற்றர் ஆகிறது. இரண்டு கண்களும் மூக்கின் பெரும்பகுதியும் உள்ளே வரும். பின்னால் இருக்கும் கிடுகு வேலி அப்போதும் மெல்லக் கலங்கியே நிற்கும். கலங்கினாலும் வேலி என்று தெரியும். ஒருவர் தன் வளவில் இருந்து எடுத்த படத்தில் வளவு அடையாளம் தெரிவது குறையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டுக்குள், யன்னல் வெளிச்சத்தில் மட்டும் எஃப்/4 சிரமப்படும். 90ஐக் கையில் பிடித்து எடுக்க 1/125 நொடியாவது வேண்டும், 1/250 நல்லது. அதனால் ஒரே ஒரு லென்ஸ் என்றால் 90 எஃப்/2.8 அல்லது 75 எஃப்/2.5 என்பதே என் தெரிவு. எஃப்/2 லென்ஸ்கள் கனமானவை, விலை கூடியவை.

நான்காம் படி: சட்டகக் கோடு இருக்கிறதா?

வியூஃபைண்டருக்குள் லென்ஸுக்கேற்ற சட்டகக் கோடு தெரியாவிட்டால் தலையை வெட்டிவிடுவீர்கள். எம்3இல் 50, 90, 135 இருக்கின்றன, 75 இல்லை. எம்6இல் 75, 90 இரண்டும் உண்டு. கெனன் 7இல் 85, 100 உண்டு. பெஸ்ஸா ஆரில் 75, 90 உண்டு. சோர்க்கி-4இலும் ஃபெட் கமராக்களிலும் ஒரு கோடும் இல்லை; மேலே பூட்டும் தனி வியூஃபைண்டர் வாங்க வேண்டும், அதன் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

0.72 வியூஃபைண்டரில் 90இன் சட்டகம் சிறிதாகத்தான் தெரியும். முதல் சில நாட்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் சட்டகத்துக்கு வெளியேயும் பார்க்க முடிகிறதே! பேரப்பிள்ளை ஓடிவருவதும், ஆச்சி திரும்பப் போவதும் முன்கூட்டியே தெரியும்.

கிட்டிய தூர எல்லையையும் பாருங்கள். பெரும்பாலான 90 லென்ஸ்கள் 1 மீற்றருக்குக் கிட்ட வராது. முகத்துக்கு அது போதும். அந்தத் தூரத்தில் சட்டகம் ஏறத்தாழ 22க்கு 33 சென்ரிமீற்றர், முகம் நிறைந்துவிடும்.

ஐந்தாம் படி: எது பொருந்தும், எதைத் தேடலாம்?

லென்ஸைக் கமராவில் பூட்டும் அமைப்புக்கு மவுண்ட் என்று பெயர். 39 மில்லிமீற்றர் திருகு மவுண்ட், லைக்கா எம் மவுண்ட் என்ற இரண்டும்தான் பெரும்பாலும் கைக்கு வரும். திருகு லென்ஸை எம் கமராவில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பான வளையம் கொண்டு பூட்டலாம். அந்த வளையத்தில் மூன்று வகை உண்டு. 90க்கு 28/90 என்று குறித்ததையும் 75க்கு 50/75 என்று குறித்ததையும் வாங்கினால்தான் சரியான சட்டகக் கோடு எழும். எம் லென்ஸைத் திருகுக் கமராவில் பூட்ட முடியாது. நிக்கோன் எஸ், கொன்டாக்ஸ், கியெவ் கமராக்கள் வேறு குடும்பம். அவற்றுக்குள்ளும் நிக்கோனின் 85ஐக் கொன்டாக்ஸில் போட்டால் பூட்டும், ஃபோகஸ் பிசகும்.

என் முதல் பரிந்துரை லைக்கா எல்மாரிட் 90 எஃப்/2.8. 1959 முதல் பல வடிவங்களில் வந்தது. முகத்துக்கு அளவான கூர்மை கொண்டது. அதன் இலகுவான உறவான மெல்லிய டெலி-எல்மாரிட் சட்டைப் பையில் போகும். ஆனால் உட்கண்ணாடி மங்குவதற்குப் பேர்போனது, நன்றாகச் சோதிக்காமல் வாங்காதீர்கள். காசு குறைவென்றால் பழைய எல்மார் 90 எஃப்/4. வெயிலில் எதிர்வெளிச்சம் பட்டால் வெளிறும் என்பதால் ஹூட், அதாவது லென்ஸின் முன்னால் பூட்டும் வெயில் மறைப்பு, கட்டாயம். பெஸ்ஸா வைத்திருப்பவருக்கு வொய்க்லாண்டர் கலர்-ஹெலியார் 75 எஃப்/2.5ஐ விடப் பொருத்தமானதை நான் அறியேன். சிஎல்லுக்கென்று வந்த எல்மார்-சி 90 எஃப்/4 நல்ல லென்ஸ், விலையும் பெரும்பாலும் குறைவு. எம் கமராவில் போடுவதென்றால் ஃபோகஸ் பொருந்துகிறதா என்று சோதித்த பிறகே வாங்குங்கள். கெனனின் 100 எஃப்/3.5 சின்னது, மலிவு.

நிக்கோர் 8.5 சென்ரிமீற்றர் எஃப்/2க்குத் தனி வரலாறு உண்டு. 1950இல் டோக்கியோவில் அதைச் சோதித்துப் பார்த்து வியந்த அமெரிக்கப் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன், நிக்கோர் லென்ஸ்களுடன் கொரியப் போருக்குப் போனார். யப்பானிய லென்ஸ்களை உலகம் திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான். இன்றும் அழகான லென்ஸ், கனம்தான் பிரச்சினை.

யூப்பிட்டர்-9 பற்றி எல்லாரும் கேட்பார்கள். 85 எஃப்/2, செய்ஸ் சொன்னாரின் வழி வந்தது, பதினைந்து இதழ்கள் கொண்ட வட்டத் துவாரம், மென்மையான படம். விலையும் கைக்கெட்டும். ஆனால் சோவியத் லென்ஸ்களின் ஃபோகஸ் அளவுகோல் லைக்காவின் அளவுகோலுடன் சற்று வேறுபடும். 50இல் அவ்வளவாகத் தெரியாத அந்த வேறுபாடு 85இல், கிட்டத்தில், முழுத் திறப்பில் தெரிந்துவிடும். சோர்க்கி, ஃபெட் வைத்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். லைக்கா, கெனன், பெஸ்ஸா என்றால் எஃப்/5.6க்கு மூடித்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும். இன்னொன்று: செனிட் கமராவுக்கான யூப்பிட்டர்-9உம் அதே 39 மில்லிமீற்றர் திருகுதான். பூட்டினால் ஏறும், ரேஞ்ச்ஃபைண்டருடன் வேலை செய்யாது. விற்பவரிடம் எந்தக் கமராவுக்கானது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆறாம் படி: வாங்குமுன் சோதனை

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இத்தகைய லென்ஸைக் கடையில் எடுத்துப் பார்க்கும் வசதி இல்லை. கொழும்பில் ஒருவரிடம் இருந்து வரும், அல்லது கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் மாமா, சித்தி விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருவார்கள். கொண்டுவருபவருக்குக் கமரா பற்றித் தெரியாது. அவரிடம் இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: “மாமா, லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கத்தில் இருந்து டோர்ச் அடித்து, முன்பக்கத்தால் சரிவாகப் பார்த்து ஒரு படம் அனுப்புங்கள்.”

அந்தப் படத்தில் சிலந்தி வலை மாதிரிக் கிளைத்த நூல்கள் தெரிந்தால் பூஞ்சணம். வேண்டாம். நம் மாரியில் அது வளரும். கண்ணாடி முழுவதும் பால் படிந்தது போன்ற மங்கல் இருந்தால் சுத்தம் செய்யலாம், ஆனால் கண்ணாடி அரிபட்டிருந்தால் போகாது. விலை மிகக் குறைந்தாலொழிய விட்டுவிடுங்கள். ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன என்று பொருள். சில தூசுகள், முன் கண்ணாடியில் ஒன்றிரண்டு மெல்லிய கீறல்கள் படத்தைக் கெடுக்காது. பின் கண்ணாடியில் கீறல் என்றால் கவனம். ஃபோகஸ் வளையம் தளர்ந்து ஆடக்கூடாது. இறுகி நின்றால் பழைய கிறீஸ் காய்ந்திருக்கிறது, அதைத் துப்புரவாக்கிப் புதிதாகப் போடத் தெரிந்தவர் வேண்டும்.

ஏழாம் படி: உங்கள் கமராவுடன் ஒத்துப்போகிறதா?

லென்ஸ் வந்ததும் முதலில் முடிவிலி, அதாவது வளையத்தில் மிகத் தூரத்துக்கான ∞ குறி. வளையத்தை முடிவிலியில் வைத்து, ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள தொலைத்தொடர்புக் கோபுரத்தைப் பாருங்கள். இரண்டு பிம்பங்களும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் 50உம் அதே இடத்தில் பிசகினால் பழுது கமராவில். புதியதில் மட்டும் பிசகினால் பழுது லென்ஸில்.

அடுத்து கிட்டத்தூரம். மேசையில் ஐந்து தீப்பெட்டிகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக, 3 சென்ரிமீற்றர் இடைவெளியில், ஒன்றையொன்று மறைக்காமல் சரிவாக அடுக்குங்கள். கமராவை முக்காலியில் ஒன்றரை மீற்றர் தள்ளி நிறுத்தி, நடுப் பெட்டிக்கு ஃபோகஸ் வைத்து முழுத் திறப்பில் எடுங்கள். வளையத்தைத் திருப்பிக் கலைத்துவிட்டு மறுபடியும் ஃபோகஸ் செய்து எடுங்கள். இப்படிச் சில தடவைகள். எப்போதும் முன் பெட்டியோ பின் பெட்டியோ கூர்மையாக வந்தால் கமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை, சீர்செய்ய வேண்டும். ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால் என்று மாறி மாறி வந்தால் லென்ஸில் பிழையில்லை, கைப்பழக்கம் போதவில்லை. ஒரு சுருள் பிலிம் இதற்குச் செலவாகும். அதை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

எட்டாம் படி: முகத்தில் எதைப் பிடிப்பது?

கமராவைக் கிடையாகப் பிடிக்கும்போது பிம்பங்கள் பக்கவாட்டில் நகரும். அப்போது நிமிர்ந்த கோடுகள் உதவும்: கண்மணியின் ஓரம், மூக்குக் கண்ணாடியின் பக்கச் சட்டம். நிமிர்த்திப் பிடித்தால் பிம்பங்கள் மேலும் கீழும் நகரும். கிடைக் கோடுகளைத் தேடுங்கள். இமை விளிம்பு, புருவம் எல்லாம் நல்லவை. திருநீறு பூசிய நெற்றி இருந்தால் அதைவிட இலகு வேறில்லை. மூன்று வெண்கோடுகளும் கட்டத்துக்குள் வெட்டென்று ஒன்றுசேரும். ஆனால் நெற்றி கண்ணைவிடச் சற்று முன்பின்னாக இருக்கும் என்பதால் முகம் நேராக இருக்கும்போதுதான் அதை நம்ப வேண்டும்.

ஆளை இருத்துங்கள். நிற்கும் மனிதர் தன்னையறியாமல் சில சென்ரிமீற்றர் முன்னும் பின்னும் ஆடுவார். உங்கள் ஃபோகஸ் ஆழமே அவ்வளவுதான். கதிரையில் சாய்ந்திருந்தாலோ தூணில் முதுகைச் சாய்த்திருந்தாலோ பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நடுப்பகல் வெயிலைத் தவிருங்கள், கண்குழி கருகிவிடும். காலை எட்டு மணிக்கு முன், பின்னேரம் நான்கரைக்குப் பின் நல்லது. இடையில் என்றால் மரநிழல். இலைகளின் ஊடே வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழாத அடர்ந்த நிழல். முல்லைத்தீவுக் கரையில் வெண்மணல் கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அங்கே நிழலில்கூட முகம் துலங்கும்.

கேட்காமல் எடுக்காதீர்கள். 90 மில்லிமீற்றர் லென்ஸ், தள்ளி நின்று களவாக எடுக்கும் வசதியையும் தரும். அதை இங்கே பயன்படுத்த வேண்டாம். சீருடைக்காரரும் விசாரிப்பவர்களும் படமெடுத்த காலத்தைக் கண்டவர்கள் இந்த மக்கள். “அம்மா, உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா? கழுவிக் கொண்டுவந்து தருகிறேன்” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கதைத்துவிட்டு வாருங்கள். தருகிறேன் என்று சொன்னால் கட்டாயம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கடைசியாக, பராமரிப்பு

சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் புழுதி லென்ஸின் வளையங்களுக்குள் இறங்கும். வெளியே லென்ஸ் மாற்றாதீர்கள், முன்னால் ஒரு யூவி ஃபில்டர் இருக்கட்டும். கடற்கரையில் இருந்து வந்த அன்றே மெல்லிய ஈரத்துணியால் உலோகத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். ஐப்பசி பிறந்ததும் தோல் உறையில் இருந்து எடுத்துவிடுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையுடன் வையுங்கள். மணிகள் நிறம் மாறினால் தாச்சியில் மெதுவான சூட்டில் வறுத்து, ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். மாரி முழுவதும் பூட்டியே வைக்காமல், வெயில் எறிக்கும் நாளில் வெளியே எடுத்து வளையங்களை முழுதாகத் திருப்பி, ஒரு மணி நேரம் வெளிச்சமான, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.